பழைய குதிரை டிரெய்லருடன் மூன்றரை ஆண்டு

போன சனிக்கிழமை வந்த மெக்கானிக், காருக்குப் பின்னால் மாட்டிக் குதிரையை ஏற்றிச் செல்லும் எங்கள் டிரெய்லரின் முன்பக்கம் குனிந்து, சோப்புப் பெட்டி அளவே இருந்த ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, உள்ளே பச்சை பூத்துக் கிடந்த ஒரு திருகைக் காட்டினார். பத்து நிமிட வேலை, அறுபது பவுண்டு கூலி. டிரெய்லரின் விளக்குகள் இத்தனை நாள் படுத்தியதற்குக் காரணம் அதுதானாம். அந்த ஒரு திருகுக்காக நான் இதுவரை நான்கு பிளக்குகளை மாற்றியிருக்கிறேன். கழற்றியவற்றைத் தூக்கிப்போட மனமில்லாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். நான்கும் நல்ல பிளக்குகள்.

அன்று மாலையே நண்பரின் மனைவி தொலைபேசியில் கேட்டார்: “அண்ணா, எங்கள் மகளும் குதிரை குதிரை என்கிறாள். உங்களுடையது மாதிரி ஒரு பழைய டிரெய்லர் வாங்கலாமா?” கேட்ட நேரம் சரியில்லை. அவரிடம் சொன்னதில் பாதி, அந்த அறுபது பவுண்டின் எரிச்சல். மீதியை ஆற அமர இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ரக்பிக்குப் பக்கத்தில். மகளுக்குச் சொந்தமாக ஒரு மட்டக்குதிரை உண்டு. ஏறத்தாழ 350 கிலோ. 1997-க்குப் பிறகு கார் உரிமம் எடுத்தவர்கள் கனமான டிரெய்லரை இழுக்க வேண்டுமானால் தனியாக ஒரு தேர்வு கொடுக்க வேண்டும் என்று இங்கே ஒரு விதி இருந்தது. 2021 டிசம்பர் 16 அன்று அதை எடுத்துவிட்டார்கள். 3,500 கிலோ வரை சாதாரண உரிமமே போதும். அந்த விதி இருந்திருந்தால் என் பணம் தப்பித்திருக்கும். 2022 வசந்தத்தில் 2,900 பவுண்டு கொடுத்து, பத்து வயதான ஒரு ஐரோப்பியத் தயாரிப்பை வாங்கினேன். இரண்டு அச்சு, காலி எடை 800 கிலோ, முழுப் பாரத்தோடு 2,000 கிலோ. எங்கள் டீசல் எஸ்யூவி இழுக்கக்கூடியதும் அவ்வளவுதான். காரின் கதவடியில் இருக்கும் தகட்டில் இரண்டாவது எண் காரும் டிரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு, முதல் எண் காருக்கு மட்டுமானது; இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் அது தெரிந்துவிடும். விற்பவர் சொல்வதை நம்பாமல் அதைப் பாருங்கள்.

வாங்கும்போது நான் ஏமாறவில்லை என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன். என் தாத்தா சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்துதான் விலை பேசுவார். நான் தரையில் படுத்து டிரெய்லரின் அடிவயிற்றைப் பார்த்தேன். குதிரை டிரெய்லருக்கு உயிர்நிலை அதன் தரைதான். குதிரை மூத்திரம் ரப்பர் பாயின் ஓரமாக இறங்கி உள்ளேயே தங்கும். மரப்பலகையானால் உளுத்துப்போகும், அலுமினியமானால் புள்ளி புள்ளியாக அரிக்கும். மேலே பாய் பளபளவென்று இருக்கும், கீழே ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஓட்டத்தில் தரை உடைந்து குதிரையின் கால் சாலையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. பாயைத் தூக்கி, ஓரம் முழுக்க ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். விற்றவரின் முகம் கோணியது. கோணட்டும் என்று தொடர்ந்து குத்தினேன். எங்கேயும் இறங்கவில்லை.

டயர்களின் பள்ளம் புதிது போல ஆழமாக இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் 3112 என்றிருந்தது. அதாவது 2012-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் வார்த்தது. டிரெய்லர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். டயர் தேயாமலே மூப்படைந்து, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு விடும். அந்த நான்கு இலக்கத்தைக் காட்டி 250 பவுண்டு குறைத்துத்தான் அந்த 2,900-க்கு வந்தேன். டயர்கள் நான்குக்கும் அடுத்த வாரமே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அம்மா வாட்ஸ்அப்பில் சொன்னார்.

இனி விளக்கு.

இழுக்கும் காரிலிருந்து டிரெய்லருக்கு ஒரு கேபிள் போகும். எங்கள் டிரெய்லரின் பிளக்கில் ஏழு ஊசிகள். காரில் இருப்பதோ பதின்மூன்று ஊசிக்கான துளை. நடுவில் ஒரு அடாப்டர். இடது இண்டிகேட்டருக்கு மஞ்சள் கம்பி, பனிமூட்ட விளக்குக்கு நீலம், வலதுக்குப் பச்சை, பிரேக்குக்குச் சிவப்பு, பின்விளக்குகளுக்குப் பழுப்பும் கறுப்பும். மூன்றாம் ஊசியில் வெள்ளை, அதுதான் எர்த். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கந்த சஷ்டி கவசத்தில் தடுமாறுவேன், இதில் தடுமாறமாட்டேன்.

வாங்கிய மூன்றாம் மாதத்தில் தொடங்கியது. பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு அதோடு சேர்ந்து துடிக்கும். மழை பெய்த மறுநாள் கட்டாயம் வரும். வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடும். எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி அடுத்த பல்புக்குள் புகும் என்று எனக்குத் தெரியும், நான் படித்ததே மின்னியல்தான். தெரிந்து என்ன செய்ய? எர்த் என்றதும் பிளக்கைத்தான் பார்த்தேன். பிளக் கண்ணெதிரே தொங்குகிறது, சேறு படிகிறது, அதன் ஊசியில் பச்சைக் களிம்பு இருக்கிறது. குற்றவாளியின் முகக்களை அதற்கு அப்படியே இருந்தது. உண்மைக் குற்றவாளியோ, கேபிளின் கம்பிகள் வந்து சேரும் அந்தக் கறுப்பு டப்பாவுக்குள் இருந்த எர்த் திருகு.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சடங்கு நடக்கும். நான் காருக்குள். மகள் டிரெய்லருக்குப் பின்னால் நின்று கத்துவாள்: “இடது, சரி! வலது, சரி! பிரேக்...” அதற்கு மேல் சத்தம் வராது. நான் இறங்கிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகுவேன். அவள் தமிழில் தயங்காமல் சொல்லும் சொற்கள் எத்தனை என்று எண்ணினால் இடதும் வலதும் முதலில் வரும். அந்த ஒரு நன்மையை இந்தப் பிளக்கின் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

நவம்பரில் ஒருநாள் ஸ்டோன்லீயில் போட்டி முடிந்து திரும்பும்போது, மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார். சாலையோர ஒதுக்கிடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால், பின்புறம் மொத்தமும் இருட்டு. உள்ளே குதிரை, வெளியே மழை. பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு பிளக்கைக் கழற்றி மாட்டினேன். காரின் திரையோ, விளக்கு ஒன்றும் பழுதில்லை என்று சத்தியம் செய்தது. முக்கால் மணி நேரம். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்கள். எங்கள் குதிரை பாவம், அசையாமல் உலர்புல்லை மென்றுகொண்டு நின்றது. குழி பறித்ததெல்லாம் அதன் வண்டிதான்.

கோபத்தோடு கோபமாக நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விளக்கைத் தவிர இந்த டிரெய்லர் என்னை ஒரு நாளும் கைவிடவில்லை. எடை குறைவு என்பது வாங்கும்போது வெறும் எண்ணாக இருந்தது. கொண்டுவந்து நிறுத்திய அன்றுதான் அருமை புரிந்தது. எனக்கு டிரெய்லரோடு பின்னால் எடுக்க வராது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும்; மூன்றரை ஆண்டில் என் மூளை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. லாயத்தில் எல்லாரும் வேடிக்கை பார்க்க, காரைக் கழற்றிவிட்டு நானும் மகளும் கையாலேயே தள்ளி அதன் இடத்தில் நிறுத்துவோம். கான்கிரீட் தரையில் நேராக நகரும். இரட்டை அச்சு என்பதால் திருப்புவதுதான் பெரும்பாடு. பக்கத்தில் நிற்கும் கனமான டிரெய்லரை நான்கு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அதே எடைக்குறைவு ஒருமுறை எம்6 சாலையில் உயிரைக் கையில் பிடிக்க வைத்தது. குதிரை இல்லாமல், பின்பகுதியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வந்தேன். ஒரு பெரிய லாரி கடந்து போனதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல், அடங்கும் வரை ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். வண்டிக்காரர் உடனே கீழே குதித்து மூட்டையை முன்னுக்குத் தள்ளுவார். டிரெய்லருக்கும் கொஞ்சம் முன்பாரம் வேண்டும். இப்போது சந்தேகம் வந்தால் குளியலறை எடைக்கருவியைக் கொண்டுவந்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கிப் பார்க்கிறேன். மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு. அந்தக் கருவி அதன் பிறகு அவர் எடையைக் கூட்டிக் காட்டுகிறதாம்.

குதிரைக்கு இந்த டிரெய்லர் பிடித்துவிட்டது என்பதுதான் நான் எதிர்பாராதது. உள்ளே வெள்ளைச் சுவர், முன்னால் சன்னல். இருட்டுக் குகைக்குள் நுழைகிற பயம் அதற்கு இல்லை. முதல் நாளே மகள் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து முன்னே நடக்க, டக் டக்கென்று சாய்தளத்தில் ஏறிப் போனது. இங்கே சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவதால் ஒற்றைக் குதிரையை ஓட்டுநர் பக்கம், அதாவது வலப்பக்கம் நிறுத்துவார்கள். கண்ணாடியில் பார்த்தால் அந்தச் சன்னலில் இரண்டு காதுகள் தெரியும். குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு, அது கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சட்டம். என்னுடையதைவிட அதனுடையதைத்தான் நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் பாயைத் தூக்கிக் கழுவி உலரவிட வேண்டும். பாய் கனம், முதுகு போகும். குளிர்காலத்தில் கைப்பிரேக்கைப் போட்டு வைக்காதீர்கள், பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு பிரேக்கைத் தளர்த்திவிடுங்கள். இந்த எடையில் இருக்கும் டிரெய்லருக்கு இங்கே கார் போல ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. அதனால்தான் பழையது வாங்கினால் பயப்பட வேண்டும். நான் ஆண்டுதோறும் வசந்தத்தில் சர்வீஸுக்கு விடுகிறேன். மூன்று முறையும் விளக்கைப் பற்றிப் புகார் சொன்னேன். மூன்று முறையும் “பிளக்கை மாற்றுங்கள்” என்றார்கள். அந்தக் கறுப்பு டப்பாவைத் திறக்க இரண்டே திருகுகள்தான்.

நண்பரின் மனைவிக்கு நான் சொன்ன முடிவு: வாங்காதீர்கள். முதல் ஒரு வருடம் தேவைப்படும்போது வாடகைக்கு எடுங்கள், குழந்தையின் ஆர்வம் நிற்கிறதா என்று பாருங்கள். நல்ல டிரெய்லர்தானே என்று கேட்டார். நல்ல டிரெய்லர்தான், ஆனாலும் வாங்காதீர்கள் என்றேன். இப்போது யோசித்தாலும் அதை மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

மகள் உயர்ந்துவிட்டாள், அடுத்த ஆண்டு பெரிய குதிரை வேண்டும், 500 கிலோ வரும், இந்தக் கூரை அதற்குத் தாழ்வு. நேற்றிரவு எல்லாரும் தூங்கிய பிறகு ஷ்ரூஸ்பரி பக்கம் விற்பனைக்கு வந்திருந்த ஒன்றைப் பார்த்தேன். அதே தயாரிப்பு, கொஞ்சம் உயரம், ஏழு வயது. காலையில் விற்பவரை அழைத்தேன். தரை, டயர், விலை எதையும் கேட்கவில்லை. முன்பக்கம் ஒரு கறுப்பு டப்பா இருக்கும், அதைத் திறந்து உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்றேன். எந்த டப்பா என்று கேட்டார்.