நொசில் மாற்றியதாகப் பில் தந்தார், பேர்னருக்குள் பழைய நொசில்தான் இருந்தது

ஜேர்மனியில் டோர்ட்முண்டுப் பக்கம் பழைய வீடு வாங்கி, எண்ணெய் ஹைசுங்கோடு (எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்குகிற அமைப்பு) இருக்கிற எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பேர்னர் என்பது கொதிகலனில் எண்ணெயை எரிக்கிற கருவி, நொசில் அதற்குள் எண்ணெயைத் தெளிக்கிற சிறு துண்டு.

ஒக்டோபரில் வருடாந்த சேர்விசுக்கு ஒருவரைக் கூப்பிட்டேன். மற்றவர்கள் கேட்டதைவிட 60 யூரோ குறைவு. கெல்லருக்குள் (நிலக்கீழ் அறை) அவர் நின்றது 20 நிமிடம்தான். பில்லில் நொசில், எண்ணெய் வடிகட்டி, கொதிகலன் துப்புரவு, புகை அளவீடு என்று நாலு வரி. 240 யூரோவைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். அளந்த தாள் எங்கே என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரியில் ஒரு விடியற்காலை வீடு குளிர்ந்து கிடந்தது. பேர்னரில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்ப இயக்குகிற பொத்தானை அமத்தினேன், தீ பற்றியது, சில விநாடியில் நின்றது. திரும்ப அமத்தினேன், அப்படியே. மூன்றாம் முறை டொம் என்று ஒரு சத்தம். கொதிகலன் கதவு இடுக்கால் கறுப்புப் புகை தள்ளியது. மேலே நித்திரையாக இருந்த மகள் பயந்து கத்தினாள். படிக்கட்டுப் பக்கம் இருந்த சிவப்பு அவசர சுவிட்சை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பொத்தானை ஒரு தடவைதான் அமத்தலாம். ஒவ்வொரு தடவையும் எரியாத எண்ணெய் உள்ளே சேரும். பிறகு பற்றும்போது அவ்வளவும் ஒரேயடியாகப் பற்றும். கதவே பறந்த வீடுகளைக் கண்டிருக்கிறாராம்.

பிறகு நொசிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நுனியளவு பித்தளைத் துண்டு, வாயில் தார் மாதிரிக் கரி இறுகியிருந்தது. துணியால் துடைத்தபோது தெரிந்த எண் 0.65 (எண்ணெய் தெளிக்கிற அளவு), 80 பாகை (தெளிக்கிற கோணம்). பில்லில் எழுதியிருந்தது 0.55, 60 பாகை. வடிகட்டிக் கிண்ணத்தில் கறுப்புக் கசடு. தீ எரிகிறதா என்று பார்க்கிற சென்சர் கண்ணில் புகைக்கரி மூடியிருந்தது. எரிகிற தீயே அதற்குத் தெரியாததால்தான் பேர்னர் நின்று நின்று போயிருக்கிறது. கொதிகலனுக்குள் தூரிகை விட்டு எடுத்த கரி அரை வாளி.

ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்தார். கடைசியில் அளந்து தாளைத் தந்தார். புகையில் கரி எவ்வளவு என்று காட்டுகிற புகைக்கரி எண் 0. சட்டப்படி அது 1-ஐத் தாண்டக் கூடாது.

முதல் ஆளுக்குக் கடிதம் போட்டேன். வேலை செய்தாயிற்று என்று ஒரு வரிப் பதில், காசு வரவில்லை.

சேர்விஸ் நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய நொசிலைக் கையில் வாங்கி, புதியதன் எண்ணைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள். அளவீட்டுத் தாள் வராமல் காசு கொடுக்காதீர்கள், அதுவும் வங்கி வழியாகவே கொடுங்கள்: வேலைக்கூலியில் 20 வீதம் வரியில் கழியும், கைக்காசு கொடுத்தால் அதுவும் போச்சு. சிம்னிக்காரர் (புகைபோக்கியைச் சோதிக்கிறவர்) அளக்கிறார்தானே என்று இருந்துவிடாதீர்கள். 12 வருடத்துக்கு மேற்பட்ட கொதிகலனை அவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அளப்பார், பேர்னரைத் துப்புரவாக்குவது அவர் வேலை இல்லை. அப்புறம், குளிர் வருகிறதென்று கெல்லரின் காற்றுத் துளையில் துணி அடைக்காதீர்கள். தீக்குக் காற்றுக் குறைந்தால் மணமே இல்லாத நச்சு வாயு வீட்டுக்குள் வரும். அதற்கான அலாரம் ஒன்றை நான் அன்றைக்கே வாங்கி மாட்டினேன்.

கரி பிடித்த அந்த நொசிலையும் பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் கேளுங்கள், படம் அனுப்புகிறேன்.