வாகைக்குளம் வழியாகப் பன்னிரண்டு ஆண்டுகள்

தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும், அது இருப்பது ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, திருநெல்வேலிச் சாலையில் உள்ள வாகைக்குளத்தில்தான். சென்னையில் வேலையும் பாளையங்கோட்டையில் பெற்றோருமாக வாழும் நான், நெல்லை எக்ஸ்பிரஸில் படுக்கை கிடைக்காத நாள்களிலும் அப்பாவுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போன நாள்களிலும் இந்த நிலையத்தையே நம்பியிருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை வந்து போனேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறைக்குக் குறையாது.

1992-இல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தில் இடையிடையே சேவை நின்று போனதும் உண்டு. நான் பயணம் செய்யத் தொடங்கியபோது இருந்த பழைய முனையத்தை, பெரிய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவுதான் என்று சொல்லலாம். அதில் ஒரு வசதியும் இருந்தது: வாசலில் காரை விட்டு இறங்கிப் பத்து நிமிடத்தில் சோதனை முடிந்து உட்கார்ந்துவிடலாம். இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் நிற்கவும் இடம் இருக்காது என்பது அதன் மறுபக்கம்.

உண்மையான சிக்கல் கட்டடத்தில் இல்லை, ஓடுதளத்தில்தான் இருந்தது. அதன் நீளம் வெறும் 1,350 மீட்டர். ஏர்பஸ், போயிங் ஜெட்கள் இறங்க அது போதாது என்பதால், எழுபது எண்பது பேர் அமரும் ஏடிஆர், க்யூ400 போன்ற சுழலி (ப்ரொப்பெல்லர்) விமானங்களே வந்து போயின. வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே விமானம் மேலெழும்புவதற்குக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. தூரம் இல்லாதபோது எடையைக் குறைப்பதுதான் ஒரே வழி. இந்தப் பாடத்தை ஒரு மே மாத மதியத்தில் என் பெட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது. சென்னையில் இறங்கிக் காத்திருந்தபோது, எடைக் கட்டுப்பாட்டினால் சில பெட்டிகள் வாகைக்குளத்திலேயே இறக்கி வைக்கப்பட்டன என்றார்கள். அதை அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டையாவது யோசித்து வைத்திருப்பேன். மறுநாள் மாலை வீடு வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்தபோது எழுந்த மணத்தை விவரிக்கத் தேவையில்லை. எந்த நிறுவனம் என்பது முக்கியமன்று. முன்கூட்டிச் சொல்லாததுதான் என் குறை.

சிறிய விமானத்தின் மீது எனக்கு ஒரு பிரியமும் உண்டு. ஏடிஆரில் இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால், எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே இருப்பது தெரியும். தெளிந்த காலையில் இறங்கும்போது கட்டம் கட்டமாக உப்பளங்களும், சில பாத்திகளில் வெள்ளைக் குவியல்களும், அதற்கப்பால் மன்னார் வளைகுடாவின் நீலமும் தெரிவதைப் பார்ப்பதற்காகவே நான் காலை விமானத்தைத் தேர்ந்தெடுப்பேன். கைப்பெட்டியைத்தான் மேலே திணிக்க முடியாது. சிறிய தோள்பையே உத்தமம்.

மழைக்காலத்தில் மட்டும் மாற்று ஏற்பாடு இல்லாமல் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. 2023 டிசம்பரில், ஒரே நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்ட அந்த வாரத்தில், என் பயணமும் ரத்தானது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சாதாரண நவம்பர் மழையிலும், விமானம் இறங்காமல் வேறு ஊருக்குத் திரும்புவதை ஒருமுறை அனுபவித்திருக்கிறேன்.

இப்போது ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டு, சுமார் 450 கோடி ரூபாயில் 17,340 சதுர மீட்டர் பரப்பிலான புதிய முனையம், 2025 ஜூலை 26 அன்று பிரதமரால் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. நெரிசலான ஒரு மணி நேரத்தில் 1,350 பயணிகளைக் கையாளும் திறன் கொண்டது என்கிறார்கள். பழைய ஓடுதளத்தின் நீளமும் அதே எண்தான் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. உட்கார இடம், கழிவறைத் தூய்மை, குளிர்சாதனம் ஆகியவற்றில் பழையதோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் கட்டடத்தின் அளவுக்குச் சேவை இன்னும் வளரவில்லை. நான் போன அன்று, ஒரு விமானத்துக்குரிய கூட்டம் கிளம்பிப் போனதும், அந்தப் பெரிய கூடத்தில் துடைப்பான் இழுபடும் சத்தம் கேட்டது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பொங்கலுக்கும் திருச்செந்தூர் சஷ்டிக்கும் முன்பதிவு செய்யாதவர்கள் மதுரைக் கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்குக் காரில் இரண்டரை மணி நேரமாவது ஆகும். வாகைக்குளத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். அந்த வித்தியாசத்துக்கு நான் ஆயிரம் ரூபாய் வரை கூடுதலாகக் கொடுப்பேன், அதற்கு மேல் மாட்டேன்.

வெளியே வருவதில்தான் பழைய குறை அப்படியே இருக்கிறது. எட்டிப் பார்க்கும் தூரத்தில் திருநெல்வேலி பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றில் ஏறுவதற்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலை வரை நடக்க வேண்டும், எண்ட் டு எண்ட் பேருந்தாக இருந்தால் அதுவும் நிற்காது. பேரம் பேசாத வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணத்தில், சென்னை வரை ரயிலில் படுத்துக்கொண்டே போய்விடலாம் என்று அப்பா ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார்.