விலை குறைந்த யூ-லாக்: இரும்பு பிரமாதம், சாவித்துளைதான் தலைவலி

14 மி.மீ. தடிமன் கம்பி கொண்ட இந்த யூ வடிவச் சைக்கிள் பூட்டின் (யூ-லாக்) விலை இறங்கியதும் "சைக்கிளுக்கு வாங்கலாமா?" என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எடை, தடிமன், இரண்டு பக்க நாக்கு (கம்பியைப் பிடிக்கும் தாழ்) எல்லாம் விற்பனைப் பக்கத்தில் இருக்கிறபடியேதான், அதில் பொய் இல்லை. இரண்டு முனையையும் நாக்கு பிடித்திருப்பதால் கட்டர் கொண்டு வருகிறவனும் கம்பியை இரண்டு இடத்தில் அறுக்க வேண்டியிருக்கும். பலத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

கோபமெல்லாம் சாவித்துளை மூடி மேல்தான். தள்ளித் திறக்கிற பிளாஸ்டிக் துண்டு, ஸ்பிரிங் கிடையாது. சாலைப் பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும், தானாகத் திறந்துகொள்ளும். உள்ளே போன தண்ணீர் வெளியேற அடியில் ஒரு சின்னத் துளைகூட வைக்கவில்லை. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் உப்புக்காற்றும் புழுதியும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் பூட்டு இறுகாமல் என்ன செய்யும்?

இறுகிவிட்டால் உடனே எண்ணெயைத் தேடாதீர்கள். முதலில் வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் பூட்டில் கோளாறு இல்லை, தினம் புழங்கும் சாவி தேய்ந்திருக்கிறது. நகல் எடுப்பதானால் தேயாத சாவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். தேய்ந்ததை வைத்து எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும்.

இரண்டு சாவியும் உள்ளே முழுசாகப் போகிறது, ஆனால் திரும்பவில்லை என்றால், பாதி நேரம் சாவி நுழைந்து திரும்பும் உருளையான சிலிண்டர் மேல் தப்பே இருக்காது. சைக்கிள் சாய்ந்து நின்று, கம்பி நாக்கை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும். சைக்கிளை நிமிர்த்தி, கம்பியை அதன் இரண்டு காலும் நுழையும் குறுக்குத் தண்டுக்குள் ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி மெதுவாகத் திருப்புங்கள். பலர் குறட்டால் சாவியைப் பிடித்துத் திருகுவது இந்த இடத்தில்தான். சாவி பித்தளை, உள்ளேயே முறியும்.

சாவி பாதியிலேயே நின்றாலோ சொரசொரவென்று போனாலோதான் சிலிண்டரில் அழுக்கு என்று அர்த்தம். உள்ளே வரிசையாக நிற்கும் சின்ன உலோகக் குச்சிகளை, அதாவது பின்களை, ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். புழுதியும் பழைய எண்ணெயும் குழைந்து ஒரே ஒரு பின் மாட்டிக்கொண்டாலும் சாவி திரும்பாது. துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து, டபிள்யூடி-40 ஸ்பிரேயின் சிவப்புக் குழாயைச் செருகி ஒன்றிரண்டு நொடி அடியுங்கள். சாவியைப் பத்துத் தடவை போட்டு எடுங்கள், ஒவ்வொரு தடவையும் துணியில் துடைத்துவிட்டு. துணியில் கறுப்பு படிவது நிற்கும் வரைக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பச்சைப் பொடி வந்தால் பித்தளை அரித்திருக்கிறது, வெள்ளைப் பொடி வந்தால் துத்தநாகக் கலவைப் பாகம். ஊதிச் சுத்தம் செய்யக் கைப்பம்பே போதும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றோடு ஈரமும் எண்ணெயும் வர வாய்ப்புண்டு.

வேலையை இதோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு. அந்த ஸ்பிரே ஈரத்தை விரட்டும், அழுக்கைக் கரைக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிப்போய் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் மிஞ்சும், அதில் மறுபடி புழுதி ஒட்டும். ஓர் இரவு காயவிட்டு, பிடிஎஃப்இ (டெஃப்லான்) உலர் ஸ்பிரே கொஞ்சம் அடியுங்கள். இல்லையென்றால் 6பி பென்சிலைச் சாவியின் இரு பக்கமும் தேய்த்து உள்ளே விட்டு எடுங்கள். இரண்டில் ஒன்றுதான். எண்ணெய்ப் பசை இருக்கும்போது பென்சில் கரியான கிராஃபைட்டைப் போட்டால் சேறாகிவிடும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய் அது, மார்கழிக் காலையில் பூட்டுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும்.

சாவி திரும்புகிறது, கம்பி மட்டும் வரவில்லையா? கம்பியின் கால்கள் நுழையும் குழியில் துரு அல்லது மணல். கம்பி மேலுள்ள உறை கிழிந்த இடத்தில் துரு சீக்கிரம் வரும். குழிக்கு இரண்டிரண்டு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டு, மரப்பிடியால் தண்டை மெல்லத் தட்டுங்கள். திறந்ததும் பழைய டூத்பிரஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாவி முறிந்தே போனால் ஃபெவிக்விக் தடவிய குச்சியை உள்ளே விடாதீர்கள், பின்களும் சேர்ந்து ஒட்டிவிடும். அதன் பிறகு பூட்டையே அறுக்க வேண்டிவரலாம். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் சிலிண்டரைச் சாவி நுழையும் நிலைக்குத் திருப்பிவிட்டு, ஃப்ரெட் ஸா (மெல்லிய ரம்பம்) பிளேடின் பற்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி செருகி, முறிந்த துண்டின் வெட்டில் மாட்டி இழுக்க வேண்டும். சிலிண்டர் நேராகாவிட்டால் எத்தனை இழுத்தாலும் வராது.

ஐப்பசிக்கு முன்னால் ஒரு முறை, மழை ஓய்ந்து தையில் ஒரு முறை சுத்தம் செய்தால் இந்தப் பூட்டு ஒழுங்காக இருக்கும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஃப்ரேமில் மாட்டும்போது சாவித்துளை கீழ்நோக்கி இருக்கட்டும், முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராகப் படாத இடமாகவும் இருக்கட்டும். சைக்கிள் டியூபில் ஒரு விரற்கடை அகலம் வெட்டித் தண்டின் மேல் வளையமாகப் போட்டால் அந்தப் பாழாய்ப்போன மூடி திறக்காது.

இத்தனைக்குப் பிறகும் என் பதில்: வாங்காதீர்கள். இந்த விலைக்கு இவ்வளவு நல்ல இரும்பு கிடைப்பது அரிது, தெரிகிறது. ஆனால் கம்பிக்குச் செலவழித்த அக்கறையில் துளியை ஒரு ஸ்பிரிங்குக்கும் ஒரு வடிகால் துளைக்கும் செலவழிக்காதவர்களுக்கு நான் இன்னொரு தடவை பணம் தரத் தயாரில்லை. கம்பி 12 மி.மீ. ஆக இருந்தாலும் பரவாயில்லை, ஸ்பிரிங் மூடி உள்ளதாகப் பாருங்கள். கடையில் வாங்குவதானால் மூடியைத் திறந்து விட்டுப் பாருங்கள், தானாக மூடுகிறதா என்று.