கோடைக்காக வாங்கிய டீஹியூமிடிஃபயர்: கால்வேயிலிருந்து ஒரு மதிப்புரை

காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் மெஷினான டீஹியூமிடிஃபயரை அயர்லாந்தில் கடைகளில் முன்வரிசைக்குக் கொண்டுவருவது அக்டோபர் வாக்கில்தான். குளிர்காலச் சாமான் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நான் ஜூலையில் வாங்கினேன். இதற்கு ஏற்ற காலம் கோடைதான் என்பதை அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கோடையும் உறுதிப்படுத்திக்கொண்டே இருக்கிறது.

வாங்கியது 2023 ஜூலையில். அந்த வருட ஜூன் இந்த நாட்டில் பதிவான ஜூன்களிலேயே மிகவும் வெப்பமானது. அடுத்து வந்ததோ பதிவான ஜூலைகளிலேயே அதிக மழை பெய்த ஜூலை. ஒரே மாதத்தில் இப்படி மாறியது. 2024 கோடை, 2015க்குப் பிறகு வந்தவற்றில் குளிர்ந்த கோடை. 2025 இங்கே பதிவானதிலேயே வெப்பமான கோடை. ஆனால் அந்த வருடமும் பகல் இரவு சேர்த்த சராசரி 16 டிகிரியைக் கொஞ்சம்தான் தாண்டியது. ஆக, கோடையில் வெயில் வரும், துணி தானாகக் காயும் என்ற கணக்கில் இங்கே குடும்பம் நடத்த முடியாது.

நான் நர்ஸ். ட்யூனிக்கை, அதாவது யூனிஃபார்ம் மேல்சட்டையை, ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்குப் பிறகும் 60 டிகிரி தண்ணீரில் துவைத்தாக வேண்டும். அடுத்த ஷிஃப்ட்டுக்குள் காயவும் வேண்டும். பையன் கோடை விடுமுறையில் அயர்லாந்தின் பாரம்பரிய கேலிக் விளையாட்டுக்கான கூல் கேம்ப்புக்குப் போவான். தூறல் விழுந்தாலும் கேம்ப் நடக்கும், நடக்கவும் வேண்டும். அவன் அங்கே சந்தோஷமாக இருக்கிறான். ஆனால் வீட்டுக்கு வரும்போது சாக்ஸிலிருந்து ஜெர்ஸி வரை சேறு. இது போக பெட்ஷீட், துண்டு, வீட்டுக்காரரின் ஜீன்ஸ். வாடகை வீட்டில் துணி உலர்த்தும் டம்பிள் ட்ரையர் வைக்க இடமில்லை. கொல்லைக்கொடியில் போட்டால் அரை மணிக்கு ஒருமுறை ஜன்னலுக்கு ஓட வேண்டும். பல அபார்ட்மென்ட்டுகளில் பால்கனியில் துணி காயப்போடவே அனுமதி கிடையாது. அங்கே இருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

சரி, குளிர்காலத்தை விடக் கோடையில் இது ஏன் அதிகம் தேவைப்படுகிறது? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஜனவரியில் வெளியே 5 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டிங்கில் 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்த காற்று. ரேடியேட்டர் பக்கத்தில் போட்ட துணி ராத்திரிக்குள் காய்ந்துவிடும். ஜூலையில் வெளியே 15 டிகிரி, அதே 90 சதவீதம். உள்ளே 18 டிகிரி. கோடையாயிற்றே என்று ஹீட்டிங்கை அணைத்து வைத்திருக்கிறோம். அப்போது உள்ளே வருகிற காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்திலேயே நிற்கும். ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் அதே கதைதான். போதாததற்குக் குளியல், சமையல், குக்கர் ஆவி எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெளிச்சுவரை ஒட்டி வைத்த அலமாரியில் முதலில் தெரியும். என் அம்மா கட்டிய பட்டுப்புடவை ஒன்றின் மடிப்பில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்த அன்றுதான் இதை வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மழையின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டப்ளினில் ஒரு வருடத்தில் பெய்வது சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான். அங்கே பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும், மிச்ச நாளெல்லாம் வெயில். இங்கே கிழக்குக் கடற்கரையிலேயே வருடத்தில் சுமார் 150 நாள் மழை நாள். எங்கள் கால்வே இருக்கும் மேற்குப் பக்கத்தில் சில இடங்களில் அது 225 நாள் வரை போகும். அட்லாண்டிக்கிலிருந்து அடிக்கும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு முதலில் வந்து மோதுவது எங்கள் கரையில்தான். ஆகவே கொட்டுகிற மழையைக்கூடச் சமாளித்துவிடலாம். காயவே விடாத இந்த நசநசப்போடுதான் எங்களுக்குப் போராட்டம்.

இனி மெஷினைப் பற்றி. நான் வாங்கியது 12 லிட்டர் என்று அட்டையில் போட்ட கம்ப்ரசர் வகை. 170 யூரோ ஆனது. இதே அமைப்பில் பல கம்பெனிகள் விற்கின்றன, அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது இந்த அளவு மெஷின்கள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். உள்ளே ஃப்ரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரசர் ஒன்று ஒரு சுருள் குழாயைச் சில்லென்று ஆக்கும். விசிறி அறைக்காற்றை இழுத்து அதன் மேல் விடும். காற்றில் உள்ள ஈரம் குழாயில் பட்டுத் தண்ணீராகித் தொட்டியில் சொட்டும். காய்ந்த காற்று சூடான இன்னொரு சுருளைத் தாண்டி வெளியே வரும்.

அந்த 12 லிட்டரை அப்படியே நம்பிவிடாதீர்கள். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள சோதனை அறையில் 24 மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் எடுக்கும் என்ற கணக்கு அது. கால்வே வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே வரப்போகிறது? 18 டிகிரியில் அதில் பாதிகூட வராது. ஆனால் நம் தேவைக்கு அது போதும். நிமிடத்துக்கு 1400 சுற்று வேகத்தில் ஸ்பின் செய்த 5 கிலோ துணியில் சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் மிச்சமிருக்கும். அதை ஒரு இரவுக்குள் எடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. இது எடுத்துவிடுகிறது.

ஆனால் எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஹாலில் வைத்து, எல்லாக் கதவையும் திறந்துபோட்டு, முழு வீட்டின் ஈரத்தையும் இதை எடுக்கச் சொன்னால் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்குமே தவிர, துணி காயாது. எங்கள் வீட்டில் சின்னதாக ஒரு பாக்ஸ் ரூம் உண்டு. அங்கே ஸ்டாண்டைப் போட்டு, துணிகளுக்கு நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, மெஷினின் காற்று அடிப்பகுதியில் படும்படி திருப்பி வைத்து, ஜன்னலையும் கதவையும் சாத்திவிடுவேன். ட்யூனிக்குகளை ஹேங்கரில் மாட்டி, கதவு நிலையில் வைத்த கம்பியில் தொங்கவிடுவேன். அவைதான் முதலில் காயும். துண்டுகள் அடுத்தது. ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட வேண்டும். அப்படியும் இடுப்புப் பட்டையில் மட்டும் காலையில் கொஞ்சம் ஈரம் நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு ஆன் செய்தால் காலையில் கதவைத் திறக்கும்போது அறை கதகதப்பாக இருக்கும், ஈர வாடை சுத்தமாக இருக்காது. தொட்டியைத் தூக்கினால் கை வலிக்கும் அளவுக்குத் தண்ணீர். அவ்வளவும் முன்னெல்லாம் நம் சுவரிலும் அலமாரியிலும் பெட்ஷீட்டிலும்தானே போய் இறங்கியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் திக்கென்கிறது.

அந்தக் கதகதப்பு எனக்கு எதிர்பாராத லாபம். துணி காயும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. தண்ணீரைப் பிடிக்கும்போது மெஷின் அந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அது தின்கிற மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வருகிறது. ஜூலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீட்டில் ஒன்றிரண்டு டிகிரி கூடினால் பெரிய விஷயம்.

செலவு என்று பார்த்தால், என்னுடையது 200 வாட் எடுக்கிறது. என் பில்லில் ஒரு யூனிட் 35 சென்ட். ஆக மணிக்கு 7 சென்ட், எட்டு மணி நேரம் ஓடினால் 56 சென்ட். சாதாரண கண்டென்சர் ட்ரையர் ஒரு தடவைக்கு மூன்று நான்கு யூனிட் இழுக்கும், ஒரு யூரோவைத் தாண்டிவிடும். துணியும் சீக்கிரம் தேயும். ஹீட்டிங்கைப் போட்டு ரேடியேட்டரில் காயவைப்பது காசுக்கும் கேடு, சுவருக்கும் கேடு. துணியிலிருந்து போன ஈரம் வீட்டுக்குள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

சமையலறைக்கும் இதனால் நன்மை உண்டு. வாரம் ஒருமுறை ராத்திரி அங்கே ஓடவிடுகிறேன். அப்பளமும் முறுக்கும் நமுத்துப்போவது நின்றுவிட்டது. உப்பு ஜாடியில் கட்டி தட்டுவதில்லை. இட்லி மாவு புளிப்பதற்கு மட்டும் இது உதவாது. அதற்கு வெந்நீர் சிலிண்டர் இருக்கிற அலமாரியான ஹாட் பிரஸ்தான், இந்த ஊரில் அதை மிஞ்சிய இடமே கிடையாது.

குறைகள் இருக்கின்றன. தொட்டி நிரம்பியதும் பீப் என்று கத்தும், கத்திக்கொண்டே இருக்கும். ராத்திரி மூன்று மணிக்குத் தூங்குகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது சித்திரவதை. சத்தத்தை நிறுத்த ஒரு பட்டன் வைத்திருக்கலாம். தொட்டியின் கைப்பிடி மெல்லிய பிளாஸ்டிக், வழுவழுவென்று இருக்கிறது. நிறைந்த தொட்டியை மாடிப்படியில் இறக்கும்போது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பேனலில் காட்டும் ஈரப்பத எண்ணும் சரியில்லை. தனியாக ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்ததில் ஐந்து சதவீதம் வரை தவறுகிறது. அதனால் பேனலில் 50 என்று வைத்தால் அறை 55இல் நிற்கும், எனக்கு அது போதும். சத்தம் பழைய ஃப்ரிட்ஜ் அளவுக்கு வரும். படுக்கிற அறையில் வைத்துத் தூங்க என்னால் முடியவில்லை.

பராமரிப்பு பெரிதாக இல்லை. பின்பக்க ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றித் தூசி தட்ட வேண்டும். துணிப்பஞ்சு நிறையச் சேர்ந்தால் தண்ணீர் வரத்து உடனே குறையும். வாங்கி வந்த அன்று படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் ஆன் செய்ய வேண்டும், கம்ப்ரசரின் எண்ணெய் கீழே இறங்கட்டும். தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், குடிக்கக் கூடாது.

இதை வாங்கிவிட்டோமே என்று வெளிக்கொடியை மறந்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மா பிறந்ததிலிருந்து கால்வேக்காரர். மேகம் கருப்பாக இருந்தாலும் காற்று எழும்பினால் துணியை வெளியே போட்டுவிடுவார். "வெயிலைப் பார்க்காதேம்மா, காற்றைப் பார்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அயர்லாந்தின் வானிலைத் துறையான மெட் ஏரனின் விவசாயிகளுக்கான வானிலைப் பக்கத்தில் காய்கிற நிலைமை எப்படி என்று தனியாகவே எழுதியிருக்கும். வைக்கோலுக்கும் தானியத்துக்கும் எழுதியதுதான், என் பெட்ஷீட்டுக்கும் அதையே பார்க்கிறேன். அவர்கள் ஆப்பில் மழை ரேடார் வேறு இருக்கிறது. இரண்டு மணி நேரம் இடைவெளி தெரிந்தால் பாதி காயவைத்து உள்ளே கொண்டுவந்து மிச்சத்தை மெஷினிடம் விட்டுவிடலாம்.

அப்புறம், சுவரில் இருக்கிற காற்றுத் துளையைக் குளிருக்காகத் துணி வைத்து அடைக்கிறவர்கள் அதை உடனே எடுத்துவிடுங்கள். கூரை ஒழுகினாலோ சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கினாலோ அதை இந்த மெஷினால் சரிசெய்ய முடியாது. வாடகை வீடு ஈரத்தால் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது 2019 விதிகளின்படி வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அவர் கண்டுகொள்ளாவிட்டால் உங்கள் ஊர் நிர்வாகமான கவுன்சிலில் புகார் கொடுத்து வீட்டைப் பரிசோதிக்கச் சொல்லலாம். சொந்தக் காசில் மெஷின் வாங்கி அவருடைய வேலையை நீங்கள் செய்யாதீர்கள்.

யாருக்கு இது சரிப்படாது என்றால், ஹீட்டிங்கே இல்லாத கராஜிலோ 10 டிகிரிக்குக் கீழே போகிற அறையிலோ வைக்க நினைப்பவர்களுக்கு. அங்கே கம்ப்ரசர் குழாயில் பனி படிந்து மெஷின் திணறும். ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்யும் டெசிகன்ட் வகைதான் அங்கே ஒத்துவரும், ஆனால் அது கரண்ட் அதிகம் தின்னும். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் பிரித்து ஓட்டிப் பார்த்ததற்காகப் பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே சத்தம் உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. தொட்டி அளவையும் பாருங்கள். இரண்டரை லிட்டருக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு தடவை துவைத்த துணி காய்வதற்குள் நிரம்பி நின்றுவிடும்.