சீன மேல்நிலைப் பள்ளி ஆங்கிலத் தாள்கள்: மூன்று வருடம் கூடவே உட்கார்ந்து பார்த்ததில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்காகச் சீனப் பிள்ளைகள் செய்கிற ஆங்கிலப் பயிற்சியில், கோடிட்ட இடத்தை நிரப்பும் இலக்கணப் பகுதிக்கு என் ஓட்டு. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாசிப்புப் பகுதி ஓரளவுக்கு நல்லது, அதற்கு மேல் நேர விரயம். சொல் மனப்பாடம் செய்ய வைக்கும் ஆப்கள் முதல் வருடத்துக்குப் போதும்.

நாங்கள் இருப்பது ஜியாங்சு மாகாணத்தின் சூஜோ நகரில். வீட்டுக்காரருக்கு இங்கே வேலை. எதிர் ஃப்ளாட் பெண் 2021 செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள், 2024 ஜூனில் தேர்வு எழுதினாள். அவள் அம்மா எனக்குச் சீனம் சொல்லித் தருவார், நான் அவளோடு உட்கார்ந்து ஆங்கிலத் தாள்களைப் போடுவேன். பணம் கைமாறவில்லை. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்க ட்யூஷனுக்கு அரசு கடிவாளம் போட்ட பிறகு, இப்படி அக்கம்பக்க ஏற்பாடாக இருப்பதுதான் எல்லோருக்கும் நிம்மதி. இரவுப் படிப்பு முடிந்து அவள் வீடு திரும்பவே மணி பத்தாகிவிடும். அதனால் எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஞாயிறு மதியம்தான்.

தாளின் அமைப்பு தெரியாதவர்களுக்காக: மொத்தம் 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. வாசிப்பில் ஏ, பி, சி, டி என்று நாலு பத்தி, கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். அதோடு ஒரு பத்தியில் ஐந்து வாக்கியங்களை உருவி வைத்து, ஏழு வாக்கியம் கொடுத்து எது எங்கே என்று கேட்பார்கள். மொழிப் பயன்பாட்டில் ஒரு கதையில் பதினைந்து சொற்களை எடுத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் நாலு விடை தருவார்கள். பிறகு வருவதுதான் நான் புகழ்கிற பகுதி: ஒரு சின்னக் கட்டுரை, பத்துக் கோடிட்ட இடம், விடைகள் கிடையாது. சிலவற்றில் அடைப்புக்குறிக்குள் மூலச்சொல் இருக்கும், மாணவர் அதைச் சரியான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மற்றவற்றில் அதுவும் இருக்காது.

இந்தப் பகுதி ஏன் பிடித்தது என்றால், சீனம் பேசுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் எங்கெல்லாம் கால் இடறுமோ அங்கெல்லாம் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார்கள். சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது, நேற்று என்று ஒரு சொல் போட்டால் வேலை முடிந்தது. பொருட்பெயர்களுக்குப் பன்மை விகுதி கிடையாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘ஏ’, ‘த’ (a, the) போன்றவை அறவே இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் பேச்சில் ஒரே ஒலி, அதனால் என் வீட்டுக்காரரை இந்தப் பெண் இரண்டு வருடம் ‘ஷீ’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் திருத்தவில்லை. ‘ஆல்தோ’ என்று தொடங்கினால் நடுவில் ‘பட்’ போடாமல் அவள் கை நிற்காது, ஏனென்றால் சீனத்தில் அந்த இரண்டும் பெரும்பாலும் ஜோடியாக வரும்.

இதில் பாதி நமக்கும் உள்ள வியாதி. ‘த’ எங்கே போடுவது என்று தமிழில் படித்து வந்த யாரைக் கேட்டாலும் ஒரு கணம் யோசிப்பார்கள். இன்னொன்றும் உண்டு. ‘நேற்றுக் கடையில் வாங்கிய புத்தகம்’ என்று நாம் சொல்கிற வரிசையிலேயே சீனமும் சொல்லும்: விவரம் முழுக்க முன்னால், பெயர்ச்சொல் கடைசியில். ஆங்கிலம் புத்தகத்தை முதலில் வைத்துவிட்டு, அதை யார் எங்கே வாங்கினார் என்பதைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். டி பத்தியில் வரும் நாலுவரி வாக்கியங்களில் அவள் தொலைந்துபோனது எப்போதும் இந்த வாலில்தான். பள்ளியில் இதற்கு ஒரு முறை சொல்லித் தருகிறார்கள்: முதலில் எழுவாய், பயனிலையை அடிக்கோடிடு, வாலை அடைப்புக்குறிக்குள் பூட்டு, பிறகு திற. எனக்கு என் பள்ளியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. கெட்டிக்காரத்தனமான முறை.

ஒரு உதாரணம் பார்ப்போம். 2023ஆம் ஆண்டுத் தாளில் இலக்கணப் பகுதி சியாவ்லொங்பாவ் பற்றியது, உள்ளே சூடான சூப் நிறைத்து ஆவியில் வேகவைக்கிற அந்தக் கொழுக்கட்டை. இந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் சீனச் சரக்கையே எடுக்கிறார்கள். 2021இல் ஹுவாங்ஷான் மலை, 2022இல் பாண்டா தேசியப் பூங்கா. இந்தக் கட்டுரையில், நல்ல கொழுக்கட்டைகளுக்கு நேர்த்தியான தோல் இருப்பதால் கிழியாமல் கூடையிலிருந்து எடுக்க முடிகிறது என்று ஒரு வாக்கியம். அடைப்புக்குறிக்குள் ‘லிஃப்ட்’. அவள் ‘டு லிஃப்ட்’ என்று எழுதினாள். சரியான விடை ‘டு பி லிஃப்டட்’, கொழுக்கட்டை தானாக எதையும் தூக்காது, அதைத்தான் யாரோ தூக்குகிறார்கள். “ஆயீ (சீனத்தில் ஆன்ட்டி), கொழுக்கட்டை தூக்காதுன்னு எல்லாருக்கும் தெரியுமே, எதுக்குத் தனியாச் சொல்லணும்?” என்றாள். நியாயமான கேள்வி. சீனம் இந்த மாதிரி இடங்களில் செயப்பாட்டு வினையைக் காட்டாமலே விட்டுவிடும். தமிழிலும் ‘எளிதில் எடுக்க வருகிற கொழுக்கட்டை’ என்போம், ‘எடுக்கப்பட’ என்று யாரும் இழுப்பதில்லை. அந்த ஒரு இடத்தில் நாங்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம், சூஜோவில் கிடைக்கும் இனிப்பு வகை உசத்தியா, கட்டுரையில் வருகிற நான்சியாங் ஊர் வகை உசத்தியா என்ற சண்டையையும் சேர்த்து.

இரண்டாம் வருட நடுவில் ஒரு சிக்கல் தெரிய வந்தது. கோடிட்ட இடங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது வாங்குகிறவள், தானாக ஒரு கடிதம் எழுதினால் ‘நேற்று நான் போகிறேன்’ என்ற ரகத்தில் எழுதினாள். விதி தெரியாமல் இல்லை, கேட்டால் ஒப்பிப்பாள். கோடு இருக்கிற இடத்தில் கண் விழித்துக்கொள்கிறது. கோடு இல்லாத இடத்தில் கைக்குச் சீனம் வந்துவிடுகிறது. தன் வாக்கியத்தில் யாரும் கோடு போட்டுத் தருவதில்லையே.

இதற்கு எங்களுக்கு உதவியது பழைய தாள்கள். புது வடிவத் தாளில் நீக்கப்பட்டுவிட்ட ஒரு பகுதி அவற்றில் உண்டு: ஒரு மாணவர் எழுதியது போன்ற பத்தி, அதில் பத்துப் பிழை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். எங்கே என்று அடையாளம் கிடையாது. ஒரு வாக்கியத்தில் அதிகபட்சம் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு சொல் அளவில், சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்பது மட்டும்தான் துப்பு. ‘லாஸ்ட் சம்மர்’ என்று தொடங்கி நாலு சொல் தள்ளி ‘டேக்’ என்று இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். முதலில் அவள் பத்துக்கு நாலு கண்டுபிடிக்கவே திணறினாள். தேர்வில் வராத பகுதியை ஏன் போடுகிறாய் என்று அவள் வகுப்புத் தோழிகள் கேட்டார்களாம். என்னைக் கேட்டால், இந்தப் பகுதியை எடுத்தது தாளுக்கு நஷ்டம். அதைப் போட்ட மாதங்களில்தான் அவள் எழுத்தில் காலமும் பன்மையும் நிற்கத் தொடங்கின.

இன்னொன்று, அவளே கேள்வித்தாள் தயாரித்தது. டி பத்தியிலிருந்து ஒரு பாராவை எடுத்துப் பத்துக் கோடு போட்டு எனக்குத் தர வேண்டும். முதல் வாரங்களில் கடினமான பெயர்ச்சொற்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பெருமையாக நீட்டினாள். போகப்போக ‘ஹேட்’, ‘விச்’, ‘அன்’ மேல் கோடு விழுந்தது. எந்தச் சொல் தனக்குக் கஷ்டம் என்பதையும் எந்தச் சொல் வாக்கியத்தைத் தாங்குகிறது என்பதையும் அவள் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் தப்பாக நிரப்பினால் வருகிற சந்தோஷம் தனி.

வாசிப்புப் பகுதிக்கு வருவோம். ஏ பத்தி விளம்பரம், அட்டவணை மாதிரி. 2023இல் ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகை. போகிறபோக்கில் முடித்துவிடலாம். டி பத்தியில்தான் மதிப்பெண் போகும். அதே ஆண்டில் டி, பிரான்சிஸ் கால்டன் 1907இல் வெளியிட்ட கட்டுரையைத் தொட்டு, பலருடைய ஊகங்களின் சராசரி ஏன் உண்மைக்கு நெருங்குகிறது என்று பேசியது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது கனமான விஷயம், நல்ல விஷயமும்கூட.

ஆனால் பயிற்சி நடக்கிற விதம் அந்த விஷயத்தையே சாகடிக்கிறது. முதலில் கேள்வியைப் படி, அதில் முக்கியச் சொல்லைப் பிடி, பத்தியில் அதைத் தேடு, விடைகளில் அதே பொருளை வேறு சொல்லில் சொல்வது எது என்று பார், ‘ஆல்’, ‘நெவர்’ என்று அறுதியிட்டுச் சொல்கிற விடையை அடித்துவிடு. இந்த உத்தி வேலை செய்கிறது, மதிப்பெண் ஏறுகிறது, மறுக்கவில்லை. நாலுக்கு நாலு சரி போட்ட ஒரு நாள், கால்டன் என்னதான் சொல்ல வந்தார் என்று கேட்டேன். “புள்ளியியல் அறிஞர், இங்கிலாந்து” என்றாள். அவ்வளவுதான். கோழி மண்ணைக் கிளறித் தானியத்தைப் பொறுக்குவது போலப் பத்தியைக் கிளறியிருக்கிறாள்.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு: விடை சரிபார்த்த பின், கேள்விகளை மடித்து வைத்துவிட்டு டி பத்தியை இன்னொரு தடவை முழுசாகப் படித்து, சீனத்திலேயே எனக்கு விளக்க வேண்டும். எனக்குச் சீனம் அரைகுறை என்பதால் எளிமையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவே நல்ல சோதனையாகிவிட்டது. வாரத்துக்கு எட்டுப் பத்தி போட்டவள் மூன்றுக்கு இறங்கினாள். அவள் அம்மாவுக்குக் கவலை. தாள் தாளாகப் போட்டுத் தள்ளுவதுதான் இங்கே உழைப்பு என்பதற்கே அடையாளம், மேசையில் அடுக்கு உயர்ந்தால்தான் வீட்டில் நிம்மதி. மதிப்பெண் இறங்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

ஆப் விஷயம் சுருக்கமாக. காவ்காவுக்கு 3500 சொல் என்று எல்லோரும் கணக்கு வைத்திருக்கிறார்கள். படம் காட்டிச் சொல் பழக்கும் ஆப் ஒன்றை முதல் வருடம் பயன்படுத்தினாள், தினமும் முடித்ததை இங்கத்து வாட்ஸ்அப் மாதிரியான வீசாட்டில் போட்டுக் கைதட்டு வாங்குவது உட்பட. பார்த்தால் அடையாளம் தெரிகிற அளவுக்குச் சொற்கள் வேகமாக ஏறின. எந்தச் சொல்லோடு எந்த முன்னிடைச்சொல் சேரும் என்பது மட்டும் ஏறவில்லை. கைதட்டு விட்டுப்போகக் கூடாதே என்று நடுநிசியில் கண் சொருகிக்கொண்டே தட்டியதைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் வருடம் ஏஐ செயலி வந்தது. ஏன் விடை பி என்று கேட்டால் அழகாக விளக்கும். வேண்டுமென்றே ஏன் சி என்று கேட்டுப் பார்த்தோம், அதற்கும் அதே அழகோடு நியாயம் சொன்னது. வாக்கியத்தைப் பிரித்துக் காட்டச் சொல்ல நல்லது, தீர்ப்புக் கேட்க வேண்டாம்.

எழுத்தில் 25 மதிப்பெண்ணுக்கு ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, இரண்டு பாராக்களின் முதல் வரிகளைக் கொடுத்து, சுமார் 150 சொல்லில் முடிக்கச் சொல்வார்கள். இதற்குப் பிள்ளைகள் கண்ணீர் கன்னத்தில் வழிந்த வாக்கியம், இதயம் படபடத்த வாக்கியம் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், எந்தக் கதையானாலும் யாராவது அழுவார்கள். கையெழுத்துக்கும் தனிப் பயிற்சி உண்டு. ஹெபே மாகாணத்து ஹெங்ஷுய் நகரின் பெயரால் வழங்கும் அந்த உருண்டை எழுத்தில் எல்லோரும் எழுதினால், யார் தாள் யாருடையது என்று தாய்க்கே தெரியாது. இந்தப் பகுதிக்கு என்னால் பெரிதாக உதவ முடியவில்லை.

அவள் எழுதிய 2024 தாளில் சி பத்தி, காகிதத்தில் படிப்பதும் திரையில் படிப்பதும் ஒன்றுதானா என்பதைப் பற்றியது. வெளியே வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னாள், கேள்விகளை அல்ல. மதிப்பெண் 130ஐத் தாண்டியது. மூன்று வருடம் முன்பு 110ஐ ஒட்டி இருந்தவள்.

இப்போது பல்கலைக்கழகத்தில் நாலாம் நிலை ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறாள். 1987இலிருந்து நடக்கிற தேர்வு அது, மொத்தம் 710, ஜூனிலும் டிசம்பரிலும் வரும், 425 வாங்கினால் தேறியதாகப் பேச்சு. அதில் கோடிட்ட பகுதிக்குச் சொற்களை ஒரு பட்டியலாகக் கொடுத்துவிடுகிறார்கள், எங்கள் பயிற்சிக்குப் பிறகு அது அவளுக்கு விளையாட்டு. நீண்ட கட்டுரையில் எந்தத் தகவல் எந்தப் பாராவில் என்று பொருத்தும் பகுதியில் பழைய தேடும் பழக்கம்தான் கைகொடுக்கிறதாம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தாள் தொகுப்புகளை வாங்க நினைப்பவர்களுக்கு: சீனாவில் எந்தப் புத்தகக் கடையிலும் மலை மலையாகக் கிடக்கும், விலையும் அதிகமில்லை. ஐந்தாறு ஆண்டுகளின் உண்மைத் தாள்கள் உள்ளதை எடுங்கள், மாதிரித் தாள்கள் மட்டும் நிறைந்தது வேண்டாம், அவற்றின் வாசிப்புக் கேள்விகள் பல சமயம் இரண்டு விடைக்கு இடம் தரும். பிழை திருத்தும் பகுதிக்காகப் பழைய தொகுப்பு ஒன்றைத் தனியாகத் தேடி வாங்குவது நல்லது. விளக்கங்கள் தனிப் புத்தகமாக வருவதைப் பாருங்கள். பத்தியின் சீன மொழிபெயர்ப்பு பக்கத்திலேயே அச்சாகியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், பிள்ளையின் கண் அங்கேதான் போகும்.