ரெஜிசைட்: சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்துத் தனியாளாக ஆடும் டெக் பில்டிங்

டெக் பில்டிங் எனப்படும் ஆட்ட வகையில், ஆடுபவர் வலுவற்ற சில சீட்டுகளோடு தொடங்கி, ஆட்டத்தின் போக்கில் வலிமையான சீட்டுகளைத் தம் கட்டில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். 2008-இல் டொனால்ட் எக்ஸ். வக்கரினோவின் வடிவமைப்பில் வெளிவந்த டொமினியன் இந்த வகையைப் பரவலாக்கியது. அதன் பெட்டிக்குள் 500 சீட்டுகள் இருந்தன. கடையில் வாங்கும் சாதாரணக் கட்டிலோ 52 சீட்டுகளும் இரண்டு ஜோக்கர்களும்தான் இருக்கின்றன. எந்தச் சீட்டிலும் அதன் விலையோ வேலையோ எழுதப்பட்டிருப்பதில்லை. அதனால் இந்தக் கட்டை வைத்து டெக் பில்டிங் ஆட முனைபவர்கள், பாதிக் கட்டைச் சீட்டு வாங்கும் கடையாகப் பரப்பி, எந்தச் சீட்டுக்கு என்ன ஆற்றல் என்று ஓர் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துப் பார்த்து ஆடும் நிலைக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள். நியூசிலாந்தின் பேட்ஜர்ஸ் ஃப்ரம் மார்ஸ் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ரெஜிசைட், கடையும் இல்லாமல் அட்டவணையும் இல்லாமல், ஒரே ஒரு விதியைக் கொண்டு இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கிறது என்பதே இந்த மதிப்புரையின் வாதம்.

பால் ஆபிரகாம்ஸ், லூக் பேட்ஜர், ஆண்டி ரிச்டேல் ஆகிய மூவர் இதை வடிவமைத்தார்கள். ஒருவர் முதல் நான்கு பேர் வரை கூட்டாக ஆடலாம். ஓவியங்களோடு அச்சிட்ட தனிக் கட்டு விற்பனைக்குக் கிடைக்கிறது; ஆயினும் விதிமுறை இணையத்தில் இலவசமாகவே கிடைப்பதாலும், அச்சிட்ட கட்டும் அடிப்படையில் அதே 54 சீட்டுகளால் ஆனது என்பதாலும், வீட்டில் கிடக்கும் எந்தக் கட்டும் போதும். இங்கே நான் எடுத்துக்கொள்வது அப்படிச் சாதாரணக் கட்டில் தனியாளாக ஆடும் வடிவத்தை மட்டுமே.

நான்கு ராஜாக்களைக் கலைத்து அடியிலும், நான்கு ராணிகளை நடுவிலும், நான்கு ஜாக்கிகளை மேலேயும் அடுக்கினால் அது எதிரியின் கோட்டை. ஏஸ் முதல் பத்து வரையிலான மற்ற 40 சீட்டுகளும் நம்முடைய கட்டு. அதிலிருந்து எட்டுச் சீட்டுகள் கைக்கு வரும். ஜாக்கிக்குத் தாக்கும் வலு 10, உயிர் 20; ராணிக்கு 15, 30; ராஜாவுக்கு 20, 40. நாம் ஒரு சீட்டை இறக்கினால் அதன் எண் அளவுக்கு எதிரிக்கு அடி விழும்; எதிரி சாகவில்லையென்றால் அவனுடைய தாக்கும் வலுவுக்குக் குறையாத மதிப்புள்ள சீட்டுகளைக் கையிலிருந்து கழித்தாக வேண்டும். கழிக்க முடியாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வேலை உண்டு. கிளாவர் அடியை இரட்டிப்பாக்குகிறது. ஸ்பேடு எதிரியின் தாக்கும் வலுவைக் குறைக்கிறது. அந்தக் குறைப்பு அவன் சாகும்வரை நிலைத்திருக்கும். டைமண்ட் புதிய சீட்டுகளைக் கைக்குக் கொண்டுவருகிறது. ஆர்ட்டின், கழித்த சீட்டுகளைக் கலைத்து, வேண்டிய எண்ணிக்கையில் நம் கட்டின் அடியில் சேர்க்கிறது. எதிரி எந்த இனமோ அந்த இனத்தின் ஆற்றல் மட்டும் அவனிடம் செல்லாது. ஏஸை இன்னொரு சீட்டோடு சேர்த்து இறக்கலாம்; ஒரே எண்ணுள்ள சீட்டுகளையும், கூட்டுத்தொகை பத்தைத் தாண்டாதவரை, சேர்த்து இறக்கலாம். இரண்டாவது ஆட்டத்தில் விதிப்புத்தகம் தேவைப்படாது என்று துணிந்து சொல்லலாம்.

நான் குறிப்பிட்ட அந்த ஒரே விதி இதுதான்: எதிரியின் உயிருக்குச் சரியாகச் சமமான அடி கொடுத்து வீழ்த்தினால், அந்தப் படச்சீட்டு நம் கட்டின் உச்சிக்கு வந்துவிடும். ஒரு புள்ளி அதிகமாக அடித்தாலும் அது கழித்த சீட்டுகளோடு போய்விடும். பிறகு ஆர்ட்டின் தயவில் எப்போதாவது திரும்பினால் உண்டு. நம் கையில் ஜாக்கிக்கு மதிப்பு 10, ராணிக்கு 15, ராஜாவுக்கு 20. ஆகவே இந்த ஆட்டத்தில் சீட்டு வாங்குவதற்கான விலை கணக்குதான். ஒரு பெரிய சீட்டை வீசி எதிரியை உடனே ஒழித்துக்கட்டும் ஆசையை அடக்கி, இன்னும் ஓர் அடியைத் தாங்கிக்கொண்டு, சரியான மிச்சத்தைக் கொடுக்கும் சீட்டுக்காகக் காத்திருப்பதா என்ற கேள்வி ஏறத்தாழ ஒவ்வொரு எதிரியிடமும் எழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. எதிரே ஸ்பேடு ஜாக்கி. கிளாவர் ஏழை இறக்கினால் 14 அடி விழுந்து 6 உயிர் மிச்சமிருக்கும். அவன் திருப்பி அடிக்கும் 10-க்கு ஓர் எட்டையும் ஓர் இரண்டையும் கழிக்கிறோம். அடுத்து டைமண்ட் ஆறை இறக்கினால், கை எட்டுச் சீட்டுகளைத் தாண்டாதவரை, ஆறு சீட்டுகள் வரை கைக்கு வருகின்றன, ஜாக்கியும் சரியாகச் சாகிறான். சீட்டெடுப்பது அடிக்கு முன்பே நடந்துவிடுவதால் அந்த ஜாக்கி உடனே கைக்கு வராமல் கட்டின் உச்சியில் அடுத்த டைமண்டுக்காகக் காத்திருப்பான். கொன்ற சுற்றில் நமக்கு அடி விழுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதைவிட இனிமையான ஆட்டம், ஸ்பேடு அல்லது ஆர்ட்டின் ஜாக்கிக்கு எதிரே கிளாவர் ஐந்தையும் டைமண்ட் ஐந்தையும் சேர்த்து இறக்குவது: கூட்டுத்தொகை பத்து, இரட்டித்தால் இருபது; ஒரே அடியில் ஜாக்கி பிடிபடுவதோடு கையும் நிரம்பிவிடும். பிடிபட்ட கிளாவர் ராணி இன்னொரு ராணியை ஒரே அடியில் சரியாக வீழ்த்துவாள், 15-இன் இரட்டிப்பு 30 அல்லவா. கிளாவர் ராஜாவும் மற்ற ராஜாக்களிடம் அவ்வாறே. இந்த எண்களை இவ்வளவு கச்சிதமாகப் பொருத்திய வடிவமைப்பாளர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. கோட்டையில் இருக்கும் மொத்த உயிர் 360. நம்முடைய 40 சீட்டுகளின் மொத்த மதிப்பு 220. அதிலும் ஒரு பகுதி அடி தாங்கவே போய்விடும். எனவே ஆர்ட்டினால் சீட்டுகளைச் சுழற்றாமலும், கிளாவரால் இரட்டிக்காமலும், படச்சீட்டுகளைப் பிடிக்காமலும் வெல்வது நடக்காது. புதிதாக ஆடுபவர்கள் ஆர்ட்டினை அடி தாங்கவே கழித்துவிட்டு, ராணிகளின் நடுவில் கட்டு தீர்ந்து திகைப்பது வழக்கம். எதிரியின் முன் இறக்கிய சீட்டுகள் அவன் சாகும்வரை அங்கேயே கிடக்கும், ஆர்ட்டினால் அவற்றை மீட்க முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். மெதுவாகக் கொல்வதற்கு அப்படியும் ஒரு விலை இருக்கிறது.

தனியாட்டத்தில் ஜோக்கர்கள் கட்டுக்குள் சேர்வதில்லை. இரண்டும் ஓரத்தில் இருக்கும். நெருக்கடியில் ஒன்றைத் திருப்பினால், கையில் உள்ள அனைத்தையும் கழித்துவிட்டுப் புதிதாக எட்டுச் சீட்டுகள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஜோக்கரும் பயன்படுத்தாமல் வென்றால் தங்கம், ஒன்றானால் வெள்ளி, இரண்டுமானால் வெண்கலம். ஜோக்கரை உயிர்காக்கும் கடைசி வழியாக மட்டுமே கருதுவது சரியல்ல என்பது என் எண்ணம். பிடித்த ராணி கட்டின் உச்சியில் இருக்கும்போது கை மெலிந்திருந்தால், உடனே ஒன்றைத் திருப்பி அவளைக் கைக்குக் கொண்டுவருவது பல நேரங்களில் மேலான ஆட்டம்.

குறைகளும் உண்டு. பலர் ஆடும்போது ஜோக்கர் எதிரியின் இனக்காப்பை நீக்கும். தனியாட்டத்தில் அந்த வசதி இல்லை. விளைவாக, ஸ்பேடு ராஜாவின் 20 புள்ளித் தாக்குதலைக் குறைக்க எந்த வழியும் கிடையாது. அவன் வரும்போது கை நிரம்பியிருந்தால் பிழைக்கலாம். ராஜாக்களில் அவன் முதலில் வருவதா கடைசியில் வருவதா என்பது கலைத்த கையின் அதிர்ஷ்டம். தொடக்கக் கையில் ஒரு டைமண்ட்கூட இல்லாமல் டைமண்ட் ஜாக்கியே எதிரே வந்தால், திறமைக்கு அங்கே பெரிய இடமில்லை. தோல்விகளும் அடிக்கடி வரும். ராஜாவின் முன் தோற்றதற்கான காரணம் இரண்டாவது ஜாக்கியிடம் செய்த செலவில் ஒளிந்திருப்பதால், எங்கே பிசகியது என்று புரிய சில ஆட்டங்கள் பிடிக்கும். மனக்கணக்கு அலுப்பூட்டும் என்பவர்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது. எதிரியின் மிச்ச உயிரையும் குறைந்த வலுவையும் மனத்தில் சுமப்பதைவிட ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வதே நல்லது.

இதே அலமாரியில் வைக்கத்தக்க இன்னோர் ஆட்டம், ஸாக் கேஜும் கர்ட் பீக்கும் 2011-இல் உருவாக்கிய ஸ்கவுண்ட்ரல். சிவப்புப் படச்சீட்டுகளையும் சிவப்பு ஏஸ்களையும் நீக்கிவிட்டு 44 சீட்டுகளால் ஆடும் அதில், கறுப்புச் சீட்டுகள் அரக்கர்கள், டைமண்ட் ஆயுதம், ஆர்ட்டின் மருந்து. விறுவிறுப்பானது, விரைவில் முடிவது. ஆனால் அங்கே கட்டு கரைந்துகொண்டே போகிறதே தவிர, எதுவும் நம்முடையதாகச் சேர்வதில்லை. ஆகவே அதை டெக் பில்டிங் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணினியில் 2024-இல் வந்த பலாட்ரோவும் 52 சீட்டுகளில்தான் தொடங்குகிறது. ஆனால் திரையில் ஒரு சீட்டின் எண்ணையும் இனத்தையும் மாற்றிவிட முடியும், காகிதச் சீட்டில் அது ஆகாது.

அச்சிட்ட கட்டை வாங்க வேண்டுமா என்றால், தனியாக ஆடுபவருக்கு அவசியமில்லை. ஓவியங்கள் எதிரிகளுக்கு முகம் கொடுக்கின்றன, படச்சீட்டுகளிலேயே உயிரும் வலுவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நண்பர்களுக்குக் கற்றுக்கொடுத்துக் கூட்டாக ஆட நினைப்பவருக்கு அவை பயன்படும். மற்றவர்கள் இரண்டு ஜோக்கர்களும் தொலையாத ஒரு கட்டைத் தேடி எடுத்து, விதிமுறையைத் தரவிறக்கி, ஜாக்கிகளில் மட்டும் கவனம் வைத்து முதல் ஆட்டத்தைத் தொடங்கலாம்.