தடைக்காலத்துக்குள் தோள் ஆறுமா? ஆபரேஷன், ஊசி, ரப்பர் பட்டை

"டாக்டரம்மா, மீன்பிடித் தடைக்காலத்துல ஆபரேஷன் பண்ணிக்கிறேன், ஜூன்ல படகு கெளம்பும்போது நானும் ஏறிடுவேன்ல?" சென்னை காசிமேட்டு விசைப்படகில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் மார்ச் மாதம் கேட்ட கேள்வி இது. நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன அறை வைத்திருக்கிறேன், எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதற்குள் தோளைச் சரிபண்ணிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. வயது 56. கையில் எம்ஆர்ஐ ரிப்போர்ட், அதில் சூப்ராஸ்பினேட்டஸ் என்கிற தோள் தசையின் நார் முழுக் கிழிசல் என்று எழுதியிருந்தது.

ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதலில் இடது கையை உருவினார், பிறகு அதே இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து மெதுவாகச் சட்டையை வழித்தார். கையைத் தூக்கச் சொன்னபோது கை மேலே போவதற்கு முன்னால் தோள்பட்டை காதுக்குப் போய்விட்டது. கண்ணாடியில் காட்டினால் அவருக்கே சிரிப்பு. கையைத் தூக்குவது வேறு, தோளைத் தூக்குவது வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் எந்த வைத்தியம் நல்லது என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

பாட்டில் மூடி மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை நிற்க வைத்தால் எப்படியோ அப்படித்தான் தோள் மூட்டு: பழம் கை எலும்பின் உருண்டைத் தலை, மூடி அது உட்காரும் குழி. கையைத் தூக்கும் பலம் தோளுக்கு வெளியே தெரியும் பெரிய தசையான டெல்டாய்டுடையது, ஆனால் அது தூக்கும்போது பழத்தை மேல்நோக்கியும் இழுக்கும். பழம் மூடியை விட்டு நகராமல் அழுத்திப் பிடிப்பவை நாலு சின்னத் தசைகள்: மேலே சூப்ராஸ்பினேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பினேட்டஸும் டெரெஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேபுலாரிஸ். மேலே உள்ளது கிழிந்தாலும் முன்னும் பின்னும் உள்ளவை இரண்டு பக்கமும் கயிறு கட்டியதுபோல் இழுத்துப் பிடித்தால் கை எழும்பும். அவையும் சோர்ந்திருந்தால் டெல்டாய்டு பழத்தை மேல் எலும்பில் கொண்டுபோய் இடிக்கும், கழுத்தோரத்து ட்ரபீசியஸ் தசை உதவிக்கு ஓடிவரும், தோள் காதுக்கு ஏறும்.

அதனால்தான் கிழிசல் எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட மிச்சம் இருப்பவை வேலை செய்கின்றனவா என்பதுதான் எனக்கு முக்கியம். வயதாக ஆக, ஒரு வலியும் இல்லாதவர்களின் தோளிலும் ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தெரியும். இன்னொன்று, நான் பிடித்துத் தூக்கினாலும் கை போகவில்லை என்றால் அது பெரும்பாலும் கிழிசல் தொல்லை இல்லை, தோள் இறுகிப்போனது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம். அந்த வைத்தியம் வேறு, இங்கே வேண்டாம்.

சரி, ஆபரேஷன். கழன்ற நாரை எலும்போடு மறுபடி கட்டுகிறார்கள், உடைந்ததை நேராகச் சரிசெய்வது இது ஒன்றுதான். ஆனால் கட்டியது எலும்பில் பிடிப்பதற்குக் காலம் வேண்டும்: நாலு முதல் ஆறு வாரம் கழுத்தில் மாட்டிய தூளியில் கை, மூன்று மாதம் ஆனபிறகுதான் பலப் பயிற்சி, ஐஸ் பெட்டி தூக்கவும் கயிறு இழுக்கவும் ஆறு மாதமோ அதற்கு மேலோ. அண்ணனின் 61 நாளில் தூளி கழற்றி, கையை மெல்ல அசைத்துப் பழகும் கட்டம்தான் வந்திருக்கும். வயதும் கிழிசலும் பெரிதாக இருந்தால் தைத்தது மறுபடி விட்டுப்போகும் வாய்ப்பும் கூடும். தசை நீண்ட நாள் சும்மா கிடந்து கொழுப்பாக மாறியிருந்தால் நாரை என்னதான் நன்றாகக் கட்டினாலும் இழுப்பதற்கு ஆள் இல்லை.

பயிற்சியிடம் கிழிசலை ஒட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், ஒட்டாது. மிச்சமிருக்கும் தசைகளுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும், அவ்வளவுதான். முதலில் மல்லாந்து படுத்து மறு கையின் உதவியோடு தூக்குவது, பிறகு உதவி இல்லாமல், பிறகு தண்ணீர் பாட்டிலோடு, பிறகு சாய்ந்து உட்கார்ந்து, நிற்பது கடைசியில். இடையில் ரப்பர் பட்டை: துண்டைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, துண்டு கீழே விழாமல் முன்கையை மட்டும் வெளியே திருப்ப வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும், பத்தாவது தடவையில் அண்ணனின் முன்கை நடுங்க ஆரம்பித்தது, உடனே தோள் காதுக்கு ஏறப் பார்த்தது, நான் கழுத்தோரத்தில் ஒரு விரலை வைத்து "இது எழும்பினால் எண்ணிக்கை செல்லாது" என்றேன். நாற்பது வருஷம் வலை இழுத்தவருக்கு ஒரு ரப்பர் துண்டிடம் தோற்பது எவ்வளவு கடுப்பு என்று முகத்திலேயே தெரிந்தது.

எங்கள் தொழில் என்பதால் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அடிபடாமல் தானாகத் தேய்ந்து கிழிந்த முழுக் கிழிசல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2013இல் வந்தது. இரண்டு வருஷத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் கால்வாசிக்கும் குறைவு, போனவர்களில் பெரும்பாலோர் முதல் 12 வாரத்துக்குள்ளேயே முடிவெடுத்துவிட்டார்கள். ஆபரேஷனா பயிற்சியா என்பதைக் கிழிசலின் அளவைவிட, பயிற்சி பலன் தருமா என்று நோயாளி என்ன நினைத்து வந்தார் என்பதுதான் அதிகம் தீர்மானித்தது என்றும் பிறகு அதே குழு சொன்னது. ஃபின்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களிடம் பார்த்தபோது ஒரு வருஷத்தில் தைத்தவர்களுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் நார்வேயில் பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தபோது தைத்தவர்களின் தோள்தான் மேல் என்று வந்தது. இதை எங்கள் ஆட்கள் அதிகம் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன், 31 வயது, பைக்கிலிருந்து விழுந்தான். அதுவரை ஒரு தொல்லையும் இல்லாத தோள், மறுநாள் கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை, தூக்கிவிட்டு விட்டால் பொத்தென்று விழுந்தது. அவனுக்கு நான் ரப்பர் பட்டையை எடுக்கவே இல்லை, "இன்றைக்கே எலும்பு டாக்டரைப் பார்" என்று அனுப்பினேன். இளவயது, அடிபட்ட கிழிசல், திடீரென்று பலம் போனது என்றால் நாள் கடத்தக் கூடாது, நார் உள்ளே சுருங்கிக்கொண்டே போகும்.

ஊசிக்கு வருவோம். ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு வலியைக் குறைக்கும், ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாதவருக்கு அதுவே வரம். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கினால் ஊசிக்கு அர்த்தம் உண்டு. இங்கிலாந்தில் 708 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்விலும் எட்டு வாரத்தில் தெரிந்த கொஞ்ச நன்மை ஒரு வருஷத்தில் இல்லை. அதே ஆய்வில் பல முறை வந்து பயிற்சி எடுத்தவர்களும், ஒரே முறை வந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கப்பட்டு வீட்டில் செய்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நின்றார்கள். என் வருமானத்துக்கு ஆகாத செய்தி, என்ன செய்வது. ஆனால் வலி போனதும் குணமாகிவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி குத்திக்கொள்வதுதான் வினை. தண்டையார்பேட்டை அக்கா ஒருவருக்கு ஒரு கிளினிக்கில் ஐந்து மாதத்தில் ஒரே தோளில் நாலு ஊசி போட்டிருக்கிறார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் சர்க்கரை எகிறியிருக்கிறது, தோளோ அடிபம்பைப் பிடித்தால் அதே வலி.

அண்ணனுக்கு வருகிறேன். தேய்ந்த கிழிசல், நான் தூக்கினால் முழுதாகப் போகும் கை, வெளியே திருப்பும் பலம் பாதியாவது மிச்சம். 12 வாரம் பயிற்சி பார்ப்போம், பலம் குறைந்துகொண்டே போனால் ஆபரேஷன் என்று பேசி, மார்ச்சிலேயே ஆரம்பித்தோம். தடைக்காலம் முழுக்கத் தினமும் இரண்டு வேளை செய்தார், ஜன்னல் கம்பியில் பட்டையைக் கட்டிப் பேத்தியை எண்ண வைத்து. ஜூன் 15 அன்று படகிலும் ஏறினார், ஆனால் வலை இழுக்க இல்லை, சமையலுக்கு. கரண்டியை வலது கையில்தான் பிடிக்கிறாராம், ஐஸ் பெட்டிக்கு மட்டும் மச்சானைக் கூப்பிடுகிறாராம்.